நீ முன்னே போ, தம்பி



நலமாக மெல்போர்ன் வந்து சேர்ந்துவிட்டேன். பேத்தி இரண்டாம் நாளே என் மடியில் ஏறிவிட்டாள். "66 வயசுல தனியா எப்படி டீச்சர் போனீங்க?" என்று நிறையப் பேர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். எனக்கு இது நான்காவது தடவை. என் பயணத்தில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. ஆனால் திருச்சியிலிருந்து கொழும்பு வரை என்னோடு வந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பிள்ளை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் அவனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2024 நவம்பரில் கிளம்பினேன். திருச்சியில் இப்போது புது முனையம். ஸ்ரீரங்கத்தை நினைவுபடுத்துகிற மாதிரி வண்ண வண்ணமாக முகப்பு வைத்திருக்கிறார்கள். அதன் வாசலில் வழக்கம்போலக் கூட்டம். ஒருவர் விமானம் ஏறுவதற்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வழியனுப்ப வருவது நம் பக்கத்து வழக்கம்தானே. கம்பித் தடுப்பு ஓரமாக ஓர் அம்மா, கூட ஒரு வயதானவர், நடுவில் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன். புதுச் சட்டை, புது ஷூ, நெற்றியில் திருநீறு. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். முதல் நாள் ஒன்றாம் வகுப்புக்கு வருகிற பிள்ளை சிலேட்டைப் பிடித்திருப்பது போல இருந்தது எனக்கு. முப்பத்தாறு வருடம் அந்தப் பிடியைப் பார்த்தவள் நான்.

"தம்பி, எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டேன்.

"குவைத்துங்கம்மா."

"கொழும்பு வழியா?"

"ஆமாங்கம்மா. ஆனா அங்க எறங்கி என்ன செய்யணும்னு தெரியல. ஏஜெண்டு அண்ணன் போன எடுக்க மாட்டேங்குறாரு."

அவன் அம்மா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, கொஞ்சம் பாத்துக்கங்கம்மா. அரியலூரத் தாண்டித் தனியாப் போனதில்ல எம்புள்ள." அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. கணவர் இறந்து எட்டு வருடம் ஆகிறதாம். பையன் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஏ.சி. மெக்கானிக்கிடம் வேலைக்குப் போயிருக்கிறான். அவன் பெயர் இங்கே வேண்டாம். தம்பி என்றே எழுதுகிறேன்.

எனக்கு மெல்போர்ன் விமானம் கொழும்பிலிருந்து நள்ளிரவை ஒட்டித்தான். அவனுக்கு அங்கே இறங்கியதிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் குவைத் விமானம். கொழும்பு வரைக்கும் ஒரே விமானம், அதற்குப் பிறகு வேறு வேறு வழி. அதை முதலிலேயே அந்த அம்மாவிடம் சொன்னேன். "கொழும்பு வரைக்கும் நான் இருக்கேன். குவைத்ல அவன்தான் பாத்துக்கணும். அதுக்குள்ள சொல்லிக் குடுத்துடுறேன்."

சொல்லிக் கொடுப்பது ஒன்றுதானே எனக்குத் தெரிந்த தொழில்.

உள்ளே நுழைவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, உன் பெட்டிய யார் அடுக்குனது?"

"நானும் அம்மாவும்."

"வேற யாராவது ஏதாவது குடுத்து விட்டாங்களா?"

இருந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் குவைத்தில் இருக்கும் தன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்ட பொட்டலம். சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. உள்ளே என்ன என்று கேட்டதற்கு, "முறுக்கு, மாத்திரைன்னு சொன்னாங்க" என்றான்.

"நீ பாத்தியா?"

"இல்லைங்கம்மா."

"கண்ணால பாக்காத பொருள் உன் பேர்ல போகக் கூடாது தம்பி. பெட்டியில என்ன இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீதான்."

அவனே பிரித்தான். முறுக்கு இருந்தது, ஊறுகாய் இருந்தது. கூடவே மருந்துச் சீட்டு இல்லாமல் நான்கைந்து அட்டை மாத்திரை, ஒரு காகிதப் பொட்டலத்தில் கசகசா. கொடுத்தவர் கெட்ட எண்ணத்தோடு கொடுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டு ஞாபகத்தில் குருமாவுக்குக் கேட்டிருப்பார் அந்த அண்ணன். ஆனால் கசகசா அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற வளைகுடா நாடுகளில் அதைத் தடை செய்திருக்கிறார்கள். நாம் இங்கே மருந்துக் கடையில் சாதாரணமாக வாங்கும் சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. சுங்க அதிகாரி முன்னால் நின்று "குருமாவுக்குங்க ஐயா" என்று தமிழில் விளக்க முடியுமா? மாத்திரையையும் கசகசாவையும் அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்தான். முறுக்கும் ஊறுகாயும் பெட்டியில் போயின. பெட்டிக்குள் இருந்த பவர் பேங்கைக் கைப்பைக்கு மாற்றச் சொன்னேன். அதைப் பெட்டியில் போட்டு அனுப்ப விமானத்தில் அனுமதி கிடையாது.

அவன் பெட்டியை நான் தொடவில்லை. என் பெயரில் போடவும் இல்லை. அவன் ஃபைலையும் அவன் கையிலேயே வைத்திருக்கச் சொன்னேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உதவி செய்யப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. வழி சொல்லலாம், படித்துக் காட்டலாம், கூட நிற்கலாம். முன்பின் தெரியாதவரின் பொருளை மட்டும் கையில் வாங்கக் கூடாது. அதேபோல நம் பாஸ்போர்ட்டையும் யாரிடமும் கொடுக்கக் கூடாது. உதவி செய்கிறேன் என்று வருகிற டீச்சர் கையில்கூட!

கவுண்டரில் அவனுக்கு இரண்டு போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பெட்டியில் ஒட்டிய சீட்டின் சிறு துண்டைப் பாஸின் பின்னால் ஒட்டினார்கள். "பெட்டி எங்க போகுது டீச்சர்? கொழும்புல நான் எடுக்கணுமா?" என்று பதறினான். (கவுண்டருக்கு வருவதற்குள் 'அம்மா' போய் 'டீச்சர்' வந்துவிட்டது.) அந்தத் துண்டில் இருந்த மூன்று எழுத்தைக் காட்டி, "இது என்ன எழுத்து, படி" என்றேன்.

"கே... டபிள்யூ... ஐ."

"அதுதான் குவைத்தோட குறி. திருச்சிக்கு டி ஆர் இசட். கொழும்புக்கு சி எம் பி. உன் பெட்டியில கே டபிள்யூ ஐ-ன்னு போட்டிருக்கு. அப்ப பெட்டி எங்க போகும்?"

"நேரா குவைத்துக்கு."

"அப்ப கொழும்புல பெட்டியத் தேடணுமா?"

சிரித்தான். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், பெட்டி வராவிட்டால் அதுதான் சாட்சி என்பதையும் சொன்னேன்.

இமிக்ரேஷனில் அவன் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. புரியலைன்னா, புரியல சார், தமிழ்ல சொல்லுங்கன்னு கேளு. அதுல வெட்கம் ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பினேன். என் வேலை முடிந்துவிட்டது. அவனுக்கு நேரமானது. அதிகாரி ஃபைலில் இருந்து ஒவ்வொரு தாளாகக் கேட்டார், கணினியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அவன் சட்டை முதுகில் ஈரமாகியிருந்தது. கடைசியில் முத்திரை விழுந்தது.

வெளியே வந்தவன் பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினான். "டீச்சர், இதுல என்னமோ அச்சடிச்சிருக்கு. எங்க மாமா மகன் பாஸ்போர்ட்ல இது இல்ல. அவனும் கல்ஃப்லதான் இருக்கான்."

செல்வங்களே, இதை நீங்கள் எல்லோரும் கவனித்துப் படியுங்கள். அதில் இருந்தது, குடிபெயர்வுச் சோதனை தேவை என்கிற முத்திரை. இ.சி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றிருந்தால் அந்த முத்திரை விழாது. முத்திரை உள்ளவர்கள் குவைத், சவூதி, மலேசியா முதலான 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி இது நடக்கிறது. தொழிலாளிகள் ஏமாற்றப்படக் கூடாது என்பதற்காக வைத்த சோதனை அது, தண்டனை இல்லை. அனுமதி வாங்காமல் சுற்றுலா விசாவில் அனுப்பி வைக்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அப்படிப் போனவர்களுக்கு அங்கே எந்தப் பாதுகாப்பும் இல்லை. நல்லவேளையாக இந்தத் தம்பிக்கு முறையான வேலை விசாவும் அனுமதியும் இருந்தன.

"அப்ப பத்தாவது பாஸ் பண்ணிருந்தா இது இருக்காதா டீச்சர்?"

"இருக்காது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "இப்ப எழுத முடியுமா?"

"தனித்தேர்வரா எழுதலாம். ஊருக்கு வந்து எழுதி பாஸ் பண்ணிட்டா, பாஸ்போர்ட்ட மாத்தி வாங்கிக்கலாம். வெளிநாட்டுலயே மூணு வருஷத்துக்கு மேல இருந்துட்டாலும் மாத்திக்கலாம். ஆனா பரீட்சை எழுதுறதுதான் நல்லது."

எத்தனை பிள்ளைகளிடம் "பத்தாவது வரைக்குமாவது படிடா" என்று சொல்லியிருப்பேன்! வேலை கிடைக்கும், நல்லா இருப்பே என்றுதான் அப்போது சொல்வோம். ஒரு பாஸ்போர்ட்டின் பக்கத்தில் அது முத்திரையாக விழுந்து கிடப்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

பாதுகாப்புச் சோதனையில் என்னைப் பார்த்துச் செய்யச் சொன்னேன். பெல்ட், போன், பர்ஸ், பவர் பேங்க் எல்லாம் தட்டில். தண்ணீர் பாட்டில் காலி. எங்கள் பின்னால் நின்ற ஒருவர், தம்பி பெல்ட்டைக் கழற்றத் தடுமாறியதைப் பார்த்து, "ஒண்ணுந் தெரியாம வந்துடுறாங்க" என்று முணுமுணுத்தார். அவன் காதில் விழுந்துவிட்டது, முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, 2016-ல நான் முதல் தடவை ஏறினப்போ சீட் பெல்ட்ட எப்படி மாட்டுறதுன்னு எனக்கும் தெரியாது. பக்கத்துல இருந்த கேரளத்து நர்ஸ் பொண்ணுதான் மாட்டிக் காட்டுச்சு. எல்லாருக்கும் முதல் தடவைன்னு ஒண்ணு இருக்கு. அந்த சாருக்கும் இருந்திருக்கும்" என்றேன். சற்றுச் சத்தமாகவே சொன்னேன். வகுப்பறைக் குரல் இன்னும் போகவில்லை!

விமானத்தில் அவனுக்கு ஜன்னல் ஓரம். பக்கத்து இருக்கைக்காரர் நல்லவர், கேட்டதும் எனக்கு இடம் மாற்றிக் கொடுத்தார். பெல்ட்டை ஒரு தடவை மாட்டிக் காட்டினேன், மூன்று தடவை அவனை மாட்டிக் கழற்றச் சொன்னேன். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், எச்சிலை விழுங்கு என்று சொல்லி ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தேன். விமானம் ஓடத் தொடங்கியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மேலே போன பிறகு மெதுவாகத் திறந்து கீழே பார்த்தான். வயல், ஏரி, அப்புறம் கடல். "இவ்வளவு கிட்டயா இருக்கு இலங்கை!" என்றான். ஒரு மணி நேரம்தான். பிஸ்கட்டைப் பிரிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டது.

இறங்குவதற்கு முன்பு அவனிடம் சொன்னேன். "தம்பி, இங்க எறங்குனதும் நீ முன்னே போ. நான் பத்தடி பின்னால வர்றேன். வழி தெரியலைன்னா என்னப் பாக்கக் கூடாது. போர்டப் பாரு. அதுவும் புரியலைன்னா அங்க வேலை செய்யறவங்களக் கேளு. ரொம்ப தப்பாப் போனா மட்டும் நான் கூப்பிடுறேன்."

அவன் முகம் வாடிவிட்டது. "நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்களேன் டீச்சர்."

"நான் கூட்டிட்டுப் போனா கொழும்பு மட்டும் தாண்டுவே. குவைத்ல யாரு இருக்கா?"

கொழும்பு விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்காவில், நகரத்திலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி. அங்கே நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் இருக்கும். சொற்கள்தான் கொஞ்சம் வேறு. நாம் இமிக்ரேஷன் என்று சொல்வதை அங்கே 'குடிவரவு' என்கிறார்கள். அழகான சொல். இதை மட்டும் விமானத்திலேயே சொல்லி வைத்தேன். "குடிவரவுன்னு போட்ட பக்கம் போறவங்க இலங்கைக்குள்ள போறவங்க. நீ இலங்கைக்குள்ள போகல. அதனால அது உன் வழி இல்ல."

நடந்தான். ஒரு வளைவு வரைக்கும் கூட்டத்தோடு போனான். வழி பிரிகிற இடத்தில் நின்றான். மக்கள் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். பலகையை அண்ணாந்து பார்த்தான். உதடு அசைந்தது, எழுத்துக் கூட்டுகிறான் என்று தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தான். நான் என் கைப்பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். இந்த வேலையை எத்தனை வருடம் கரும்பலகைக்கு முன்னால் செய்திருக்கிறேன்! கணக்குப் போட வந்த பிள்ளை பாதியில் நின்று நம் முகத்தைப் பார்க்கும். அப்போது முகத்தைக் காட்டிவிட்டால் கணக்கை நாம் போட்டதாகிவிடும்.

சீருடை போட்ட ஓர் ஊழியரிடம் போனான். "அண்ணா, குவைத் ஃபிளைட்டு மாறணும். எந்தப் பக்கம்?" அவர் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்தால போங்கோ தம்பி, மேல ஏறினா செக்கிங் இருக்கு" என்று நல்ல யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார். தம்பி நிமிர்ந்து நடந்தான். அடுத்த சோதனையில் பெல்ட், போன், பவர் பேங்க் எல்லாம் கேட்பதற்கு முன்பே தட்டில் இருந்தன. திரையில் அவன் விமானத்தின் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, வாயில் எண்ணைப் பார்த்து, அந்த வாயிலில் போய் நின்று, அதற்குப் பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தான். "வாயில் எண் கடைசி நேரத்துல மாறும். அரை மணிக்கு ஒரு தடவை திரையப் பாத்துக்க" என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவன் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். பிறகு, "அந்த ஃபைல்ல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"விசா இருக்கு. மத்ததெல்லாம் ஏஜெண்டு வச்சது. கேட்டா காட்டணும்னு சொன்னாரு."

ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். ஒரு தாள் வந்தது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா. முத்திரை உள்ள பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்திய அரசு கட்டாயமாக்கியிருக்கும் காப்பீடு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், அதோடு வரி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். அந்தப் பையன் இந்தத் தாளை இத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறான். அவனுக்கும் தெரியாது, அவன் அம்மாவுக்கும் தெரியாது.

2024 ஜூன் 12 அன்று குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்தச் செய்தியை டிவியில் பார்த்த நாளிலிருந்தே அம்மா போக வேண்டாம் என்று அழுததாகச் சொன்னான். நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று யோசித்தேன். உள்ளதைச் சொல்வதுதான் சரி என்று பட்டது. "தம்பி, இது பயப்படுத்தறதுக்குச் சொல்லல. பாலிசி நம்பர் உன் ஃபைல்ல மட்டும் இருந்தா வீட்டுக்கு உபயோகமில்ல. போட்டோ எடுத்து உங்க மாமாவுக்கு அனுப்பு. நாமினி யாருன்னு பாரு." அம்மா பெயர்தான் இருந்தது. விமான நிலைய வைஃபையில் எல்லாத் தாளையும் போட்டோ எடுத்து அனுப்பினான்.

அடுத்து வேலை ஒப்பந்தம். ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தது. ஏஜெண்ட் அவனிடம் சொன்னது மாதம் 35,000 ரூபாய், சாப்பாடு இலவசம். ஒப்பந்தத்தில் இருந்தது 100 தினார் சம்பளம், 20 தினார் சாப்பாட்டுக்கு. "ஒரு தினார் 275 ரூபான்னு வச்சுக்க. கணக்குப் போடு" என்று பேனாவைக் கொடுத்தேன். பாஸ் உறையின் பின்னால் போட்டான். மொத்தம் 33,000. சாப்பாட்டுக் காசு போனால் 27,500. ஏஜெண்டுக்குக் கொடுத்தது 90,000, அதுவும் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கியது. மாத வட்டி மட்டும் 2,700. அதையும் அவனே கழித்தான். முகம் இறுகியது, ஆனால் பேனாவை வைக்கவில்லை. "மாசம் இருபதாயிரம் அனுப்புனா வட்டி போக, அஞ்சாறு மாசத்துல அசல முடிச்சிடலாம் டீச்சர். அதுவரைக்கும் அம்மாவ நூறுநாள் வேலைக்குப் போகச் சொல்லணும்" என்றான். கணக்கு சரிதான். அந்தக் கணக்கைத் திருச்சியில் ஏறுவதற்கு முன் யாராவது அவனோடு உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

பதிவு பெற்ற வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், ரசீதும் தர வேண்டும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். இதை அவனிடம் சொன்னேன். "குடுத்தது போச்சு. தம்பி ஒருத்தன் இருக்கான், பிளஸ் ஒன் படிக்கிறான். அவனுக்குச் சொல்றேன் டீச்சர்" என்றான்.

பாஸ்போர்ட் அவனுடையது, யாரும் பிடித்து வைத்துக்கொள்ள உரிமையில்லை என்பதையும், குவைத்தின் சிவில் ஐ.டி. அட்டை கைக்கு வந்ததும் அதன் போட்டோவையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் சொன்னேன். ஏதாவது சிக்கல் என்றால் வீட்டிலிருந்து 1800 11 3090 என்ற பிரவாசி பாரதிய சகாயதா கேந்திர எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். குவைத் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். "போன் பண்றப்போ கணக்குப் பாத்துப் பண்ணு, அம்மா தூங்கட்டும்" என்றேன்.

அழைப்பு வந்தது. காலில் விழப் போனான், தடுத்துவிட்டேன். வரிசையில் போய் நின்றான். பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் கையில் தயாராக இருந்தன. ஃபைல் பைக்குள் போய்விட்டது.

மறுநாள் இங்கே வந்து போனைத் திறந்தால் குரல் செய்தி இருந்தது. "டீச்சர், வந்து சேந்துட்டேன். பெட்டியும் வந்துடுச்சு. கே டபிள்யூ ஐ! ஃபிளைட்ல பக்கத்துல சிலோன் அக்கா ஒருத்தங்க, வீட்டு வேலைக்குப் போறாங்களாம், முதல் தடவையாம். பெல்ட் போடத் தெரியல. நான் சொல்லிக் குடுத்தேன். எறங்குனதும், நீங்க முன்னால போங்கக்கா, நான் பின்னால வர்றேன்னு சொன்னேன்."

மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

செல்வங்களே, உங்களில் பல பேர் மாதம் ஒரு தடவை விமானம் ஏறுகிறவர்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். எப்படி உதவுவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் ஊரைக் கேளுங்கள். தாளைக் கேட்காதீர்கள். நம்பிக்கை வந்தால் அவரே காட்டுவார்.

2. ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். விமான நிலையத்தில் நுழைந்ததும் எல்லாவற்றையும் கொட்டினால் ஒன்றும் நிற்காது.

3. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

4. அவர் கையால் செய்யட்டும். நாம் செய்து கொடுத்தால் இரண்டு நிமிடம் மிச்சம், ஆனால் அடுத்த ஊரில் அவர் தனியாக நிற்பார்.

5. அவர் பெட்டியை நீங்கள் தூக்க வேண்டாம், உங்கள் பெட்டியை அவரிடம் கொடுக்கவும் வேண்டாம்.

6. சிரிக்காதீர்கள். இது எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஊரில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாடு கிளம்புகிற பிள்ளைக்கு மாலை போட்டு, வேன் பிடித்து வழியனுப்புகிறோம். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் மாலையில் யாராவது படித்தவர்கள் அவனோடு திண்ணையில் உட்கார்ந்து, அந்த ஃபைலில் இருக்கும் தாள் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். சம்பளக் கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள். இரண்டு மணி நேர வேலைதான். ஆலங்குடிப் பக்கம் இருக்கிறவர்கள் யாருக்காவது அப்படி ஒரு தேவை இருந்தால், தை மாதம் நான் ஊருக்கு வந்துவிடுவேன், வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். அரியலூர்த் தம்பிக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ், கணக்குப் பாடங்களை வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை, அன்றைக்குத்தான் வகுப்பு. அறிவியலும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்க உங்களில் யார் வருகிறீர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்